படிச்சதையும் படிக்கப் போறதையும் நாலு பேர்கிட்ட எப்படிச் சொல்றது: புக் பைத்தியங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"சமீபத்துல என்ன படிச்சீங்க?"னு யாராவது கேட்டா முக்காவாசிப் பேரு அட்டைய ஒரு போட்டோ எடுத்துப் போட்டு "செம புக், மிஸ் பண்ணாதீங்க"னு முடிச்சிடுறாங்க. நாலு ஹார்ட் விழும், ரெண்டு கட்டைவிரல் விழும், அதோட சரி, அத பாத்துட்டு யாரும் அந்த புக்க தேடிப் போனதா தெரியல. இலக்கு விஷயமும் அதே லட்சணம்தான். ஜனவரி ஒண்ணாம் தேதி "இந்த வருஷம் 50 புக்"னு தடபுடலா அறிவிப்பு, மார்ச்சுக்கு அப்புறம் ஆளையே காணோம்.

என் கட்சி ரெண்டே ரெண்டு. படிச்சத சொன்னா, கேக்குறவரு "இது நமக்கு ஆகுமா ஆகாதா"னு முடிவு பண்ற அளவுக்குச் சொல்லணும். இலக்க சொன்னா, பண்ணப் போறத விட பண்ணி முடிச்சத சொல்லணும். கீழ இருக்குற எல்லாமே இந்த ரெண்டுக்கும் வழி பண்றதுதான்.

படி 1: படிக்கும்போதே ரெண்டு வார்த்த கிறுக்கி வைங்க

பெருசா ஒண்ணும் வேணாம், பக்க நம்பரும் மூணு நாலு வார்த்தையும் போதும். "112 - அண்ணன் கடிதம், நம்ப முடியல" இந்த அளவுதான். உங்க சொந்த புக்குனா ஓரத்துல பென்சில்ல எழுதுங்க, இரவல்னா ஒரு துண்டுப் பேப்பர புக்மார்க்காவும் வச்சுக்கிட்டு அதுலயே எழுதுங்க. கிண்டில்ல படிக்கிறவங்களுக்கு ஹைலைட் இருக்கு, ஆனா சில புக்குல பக்க நம்பர் வராது, லொகேஷன் நம்பர்தான் வரும், அது அச்சுப் புக் வச்சிருக்கறவருக்கு ஒண்ணுக்கும் ஆகாது, அதனால அத்தியாயத்தையும் சேத்துக் குறிச்சுக்குங்க.

ஹைலைட் பண்றேன்னு பக்கம் முழுக்க மஞ்சளாக்குறவங்க இருக்காங்க. ஒரு அத்தியாயத்துக்கு ரெண்டு தாண்டினா அப்புறம் நீங்களே திரும்பிப் பாக்க மாட்டீங்க.

படி 2: முடிச்சதும் புக்க மூடி வச்சுட்டு எழுதுங்க

இதத்தான் யாருமே பண்றதில்ல. கடைசிப் பக்கம் முடிஞ்சதும் புக்க தள்ளி வச்சுட்டு, குறிப்பையும் பாக்காம, ஒரு பத்து நிமிஷம் ஞாபகத்துல இருக்குறத மட்டும் எழுதணும். எது நின்னுச்சு, எது நிக்கல, எந்தப் பாத்திரத்தோட பேரு அதுக்குள்ள மறந்து போச்சு, எல்லாம். அப்புறமா குறிப்ப எடுத்து ஒப்பிட்டுப் பாருங்க.

இதுக்குப் பின்னாடி நல்ல ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. ரோடிகர், கார்ப்பிக்கினு ரெண்டு உளவியல்காரங்க 2006ல வெளியிட்டது. மாணவர்களுக்கு ஒரு பத்தியக் குடுத்து ஒரு குரூப்ப நாலு ரவுண்டு படிக்கச் சொன்னாங்க, இன்னொரு குரூப்ப ஒரு ரவுண்டு படிச்சுட்டு மூணு தடவ பாக்காம ஞாபகத்துலேருந்து எழுதச் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்ப திரும்பத் திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி நின்னாங்க. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா அப்படியே தலைகீழ், படிச்சுக்கிட்டே இருந்தவங்களுக்கு சுமார் 40 சதவீதம், எழுதிப் பாத்தவங்களுக்கு சுமார் 61 சதவீதம் ஞாபகம். அது பாடப் பத்தி, நாம படிக்கிறது நாவல், ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஆனா "போன மாசம் படிச்சேன், நல்லா இருந்துச்சு, கதை என்னன்னுதான்..."னு தலைய சொறியுற நிலமை வராம இருக்க இந்தப் பத்து நிமிஷம் போதும்.

இன்னொண்ணு, இத எழுதி முடிக்கிற வரைக்கும் வேற யாரு விமர்சனத்தையும் தேடிப் படிக்காதீங்க. படிச்சீங்கன்னா அவங்க சொன்னது எது நமக்குத் தோணினது எதுன்னு பிரிக்கவே முடியாது.

படி 3: பகிர்றத எப்படி எழுதறது

முதல்ல விலாசம் சரியா இருக்கணும். பேரு, எழுதினவரு, பதிப்பகம், எத்தன பக்கம், மொழிபெயர்ப்புனா மொழிபெயர்த்தவர் பேரு. மொழிபெயர்த்தவர் பேர விட்டுடறது ஒரு பழக்கமாவே ஆயிடுச்சு, மரியாதைக்காக மட்டும் சொல்லல, ஒரே வெளிநாட்டு நாவலுக்கு ரெண்டு மூணு மொழிபெயர்ப்பு இருக்கும், அதுல ஒண்ணு பாதியா சுருக்கினதா இருக்கும், நீங்க 600 பக்கத்துல படிச்சு உருகினத, நீங்க சொல்லிக் கேட்டவரு 300 பக்கச் சுருக்கத்துல வாங்கிட்டு வந்து "இதுல என்னங்க இருக்கு"னு கேப்பாரு.

அப்புறம் நாலு விஷயம். இது எந்த மாதிரி புக்கு, எங்க நம்மள உள்ள இழுத்துச்சு, எங்க தொய்ஞ்சு போச்சு, யாருக்கு இது ஆகாது. நாலாவதத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க, ஆனா அதுதான் இருக்கறதுலயே உபயோகமானது. "எல்லாரும் படிக்க வேண்டிய புக்"னு சொன்னா எனக்கு ஒரு தகவலும் வரல, எந்த புக்கும் எல்லாருக்கும் கிடையாது. "வேகமான கதை வேணும்னா இது வேணாம்"னு சொன்னீங்கன்னா மெதுவான கதை பிடிக்கிறவன் உடனே நிமிந்து உக்காருவான்.

சும்மா ஒரு மாதிரிக்கு, கற்பனையான ஒரு நாவலுக்கு எழுதிக் காட்டுறேன்:

"மூணு தலைமுறைக் குடும்பக் கதை, 420 பக்கம். முதல் 80 பக்கம் யாரு யாருக்கு என்ன உறவுனே பிடிபடல, ஒரு பேப்பர்ல வம்ச மரம் போட்டுக்கிட்டுதான் தாண்டினேன். அதுக்கப்புறம் பாட்டி வாயத் தொறக்கிற இடமெல்லாம் பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு. நடுவுல ஒரு சொத்துக் கேஸ் வருது, கோர்ட்டு விவரமா அறுபது பக்கம், அங்க தாவித் தாவித்தான் போனேன். கதை பரபரன்னு ஓடணும்னு நினைக்கிறவங்க விட்டுடுங்க, அக்கா தங்கச்சிக்குள்ள பேசாமலே வளர்ற பகைய பொறுமையா படிக்கலாம்னா எடுங்க. குழந்தை சாவு ஒண்ணு வருது, இப்ப அத தாங்கற நிலமைல இல்லாதவங்க தள்ளிப் போடுங்க."

ஒரு நிமிஷத்துல படிச்சு முடிச்சிடலாம். முடிவச் சொல்லல, கதைச் சுருக்கமும் இல்ல, "வாழ்வியலின் ஆழங்களைத் தொட்டுச் செல்கிறது" மாதிரி எந்த புக்குக்கும் ஒட்டுற வரியும் இல்ல. அந்த வம்ச மரம் விஷயத்தப் பாருங்க, அத ஒரு ஆளு உக்காந்து படிச்சிருந்தாத்தான் எழுத முடியும், அட்டைக்குப் பின்னாடி இருக்குறத பாத்து எழுத முடியாது. உங்க பகிர்வுல அந்த மாதிரி ஒண்ணாவது இருக்கான்னு பாத்துட்டு அனுப்புங்க.

கட்டுரை, வரலாறு மாதிரி புக்குனா கொஞ்சம் மாத்தணும். ஆசிரியரோட வாதம் என்னன்னு ரெண்டு வரி, அதுல நீங்க எத ஏத்துக்கிட்டீங்க எங்க ஒத்துப் போகலன்னு ரெண்டு வரி. கவிதைத் தொகுப்புனா மொத்தத்தையும் பத்திப் பேசாதீங்க, ஒரே ஒரு கவிதைய எடுத்துக்கிட்டு அது ஏன்னு சொல்லுங்க, போதும்.

படி 4: ஸ்டார், மார்க்கு

குடுக்கறதுனா குடுங்க, ஆனா தனியா குடுக்காதீங்க. படிச்ச புக்க பட்டியல் போட்டு மார்க் போடற குட்ரீட்ஸ்ன்ற வலைத்தளத்துல பல வருஷமா முழு ஸ்டார்தான் இருந்துச்சு, அதுல 3 ஸ்டார்னா ஒருத்தருக்கு "நல்லா இருந்துச்சு", இன்னொருத்தருக்கு "ஏதோ ஓகே". அதே மாதிரி இன்னொரு தளமான ஸ்டோரிகிராஃப்ல கால் ஸ்டார் வரைக்கும் போகலாம், 3.75 குடுக்கலாம், அந்த கால் எதுக்குன்னு கேட்டா பாதிப் பேருக்கு பதில் தெரியாது. நம்ம கூட்டத்துக்குள்ள பேசறப்போ "திரும்பப் படிப்பேன், ஒரு தடவ போதும், பாதியில விட்டேன்" இந்த மூணே போதும், யாருக்கும் குழப்பம் இல்ல.

படி 5: ஸ்பாய்லர் (கதையோட முடிவ முன்னாடியே போட்டு உடைக்கறது)

2011ல லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட்னு ரெண்டு பேரு 12 சிறுகதைய வச்சு ஒரு சோதனை பண்ணாங்க, முடிவு முன்னாடியே தெரிஞ்சு படிச்சவங்கதான் சராசரியா கதைய கூடுதலா ரசிச்சாங்கன்னு வந்துச்சு. அதுக்கப்புறம் வேற ஆளுங்க பண்ணின சோதனைல எதிர்மாறாவும் வந்திருக்கு. அதனால "ஆராய்ச்சியே சொல்லிடுச்சு"னு சாக்கு சொல்லிக்கிட்டு கொலகாரன் யாருன்னு போட்டு உடைக்கிற ஆளா இருக்காதீங்க, படிக்கப் போறவரு வேணும்னா அவரே கேட்டுக்குவாரு.

நடைமுறைக்கு ஒரு கோடு: புக்கோட முதல் கால்வாசில நடக்கறத சொல்லலாம், அதுக்கு மேல போனா எச்சரிச்சுட்டுச் சொல்லுங்க. டெலிகிராம்ல எழுத்த செலக்ட் பண்ணி ஸ்பாய்லர்னு குடுத்தா மறைஞ்சிடும், தட்டினாத்தான் தெரியும். அந்த வசதி இல்லாத இடத்துல புக் பேரையும் "முடிவு பத்தி"னும் முதல் வரில போட்டுட்டு, பத்துப் பன்னெண்டு வரி வெறும் புள்ளியா விட்டு, கீழ எழுதுங்க. இன்னொரு சின்ன விஷயம், "கடைசில ஒரு பெரிய ட்விஸ்ட் இருக்கு, சொல்ல மாட்டேன்"ன்றதும் ஸ்பாய்லர்தான். அத கேட்டவரு ஒவ்வொரு பக்கத்துலயும் அந்த ட்விஸ்ட்டத்தான் தேடிக்கிட்டு இருப்பாரு.

படி 6: பாதியில விட்டதையும் சொல்லுங்க

முடிச்ச புக்க மட்டும் பட்டியல் போட்டா, பாக்குறவங்களுக்கு நீங்க எடுக்கறதெல்லாம் முடிக்கிற ஆளுன்னு ஒரு தோற்றம் வரும், அவங்க விட்ட புக்க நினைச்சு அவங்களுக்குக் கூச்சம் வரும். நான்சி பேர்ல்னு ஒரு அமெரிக்க நூலகர் இதுக்கு ஒரு விதி வச்சிருக்காங்க: 50 பக்கம் பாருங்க, பிடிக்கலன்னா விட்டுடுங்க. வயசு 50 தாண்டினவங்க 100லேருந்து வயச கழிச்சு, வர்ற அத்தன பக்கம் பாத்தா போதும். அதாவது 70 வயசுக்காரருக்கு 30 பக்கம். வயசாக ஆக அட்டைய பாத்தே முடிவு பண்ற உரிமை வந்துடும்னு அவங்களே கிண்டலாச் சொல்லுவாங்க.

விட்டதச் சொல்லும்போது எந்தப் பக்கத்துல விட்டீங்க, ஏன் விட்டீங்கன்னு சொல்லணும். "மொக்க"னு ஒரு வார்த்தைல முடிக்கிறது அந்த எழுத்தாளருக்கும் நியாயம் இல்ல, கேக்குறவருக்கும் பிரயோஜனம் இல்ல. "90ஆவது பக்கத்துல நிறுத்தினேன், எழுத்து நல்லாதான் இருக்கு, எனக்கு இப்ப போர்க் கதை படிக்கத் தெம்பு இல்ல"னு சொன்னா அதுவே ஒரு நல்ல பரிந்துரை, போர்க் கதை தேடிக்கிட்டு இருந்தவரு எடுத்துட்டுப் போயிடுவாரு.

படி 7: இலக்கு போடறதுக்கு முன்னாடி கணக்கு

இப்ப ரெண்டாவது பாதிக்கு வருவோம். 50, 100னு உருண்ட நம்பர போடறதுக்கு முன்னாடி உங்க வேகத்த அளந்து பாருங்க. பெரியவங்க மனசுக்குள்ள படிக்கிற வேகம் நிமிஷத்துக்கு 238 வார்த்தன்னு பிரிஸ்பார்ட்ன்றவரு 2019ல நிறைய ஆய்வுகள சேத்துப் பாத்துச் சொன்னாரு, ஆனா அது இங்கிலீஷ் கட்டுரை நூல்களுக்கு. தமிழ்ல ஒரு வார்த்தைக்குப் பின்னாடியே நாலு விகுதி ஒட்டிக்கிட்டு வரும், அந்த நம்பர் நமக்குப் பொருந்தாது. பேசாம ஒரு கடிகாரத்த வச்சுக்கிட்டு, வழக்கமா படிக்கிற மாதிரி புக்க எடுத்து, 20 நிமிஷம் படிச்சுப் பாருங்க.

12 பக்கம் வந்துச்சுனு வச்சுக்குவோம். அப்ப அரை மணி நேரத்துக்கு 18 பக்கம். வாரத்துல அஞ்சு நாள் அரை மணி நேரம் கிடைக்கும்னா 90 பக்கம். வருஷத்துக்கு 52 வாரம், 4680 பக்கம். இதுல ஒரு கால்வாசிய கண்ண மூடிக்கிட்டுக் கழிச்சிடுங்க, காய்ச்சல் வரும், வேலை கழுத்த நெரிக்கும், விருந்தாளி வருவாங்க, சும்மா படிக்கப் பிடிக்காம ஒரு மாசம் போகும். மிச்சம் 3500 பக்கம். 300 பக்க புக்கா பாத்தா 11, 12 வரும். அரை மணி நேரக்காரரு "50 புக்"னு அறிவிச்சா ஏப்ரல்லயே மூச்சு வாங்கறது ஏன்னு இப்ப தெரியுதா?

புக் எண்ணிக்கைய இலக்கா வச்சா இன்னொரு கோளாறும் உண்டு. எண்ணிக்கை குறையுதுன்னு நவம்பர்ல எல்லாரும் 90 பக்கக் குறுநாவலா தேடிப் பிடிச்சுப் படிப்பாங்க, அலமாரில இருக்கற ஆயிரம் பக்க நாவல் அங்கயே தூசி புடிச்சுக் கெடக்கும். பக்கக் கணக்கோ நேரக் கணக்கோ வச்சா இந்தத் தொல்லை இல்ல, தடியான புக்க எடுக்கவும் பயம் வராது. ஸ்டோரிகிராஃப்ல பக்கம், மணி நேரம் ரெண்டுக்கும் தனித்தனியா இலக்கு வைக்கலாம். ஆடியோபுக் கேக்குறவங்களுக்கும் நேரக் கணக்குதான் ஒத்து வரும் (கேட்டா படிச்சதா ஆகுமான்ற சண்டைக்கு நான் வரல, ஆகும்).

எனக்குப் பிடிச்சது நம்பரே இல்லாத இலக்குதான். இதுவரைக்கும் தொடாத ஒரு வகைல சில புக்கு, ஒரே எழுத்தாளர ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் வரிசையா, வாங்கி வச்சுப் பிரிக்காதத முடிக்கிற வரைக்கும் புதுசு கிடையாது, இந்த மாதிரி. இதுல நாலு பேருக்குப் பேசவும் விஷயம் இருக்கு. "நான் 23 முடிச்சேன்"னு சொன்னா அடுத்தவரு "சூப்பர்"ன்றத தவிர என்னதான் சொல்லுவாரு?

படி 8: இலக்க எப்படிச் சொல்றது

பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியலாளரும் கூட இருந்தவங்களும் 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. "நான் இப்படிப்பட்ட ஆளா ஆகப் போறேன்"ன்ற வகை இலக்க நாலு பேரு கவனிச்சுட்டாங்கன்னா, அதுக்கான உழைப்பு குறையுதுன்னு அதுல வந்துச்சு. சட்டம் படிக்கிற மாணவங்கள வச்செல்லாம் பாத்தாங்க. அடுத்தவங்க கவனிச்ச உடனே பாதி ஆயிட்ட மாதிரி ஒரு திருப்தி வந்துடுதாம். "இந்த வருஷம் நான் தீவிர வாசகன்"ன்ற அறிவிப்புக்கு அம்பது லைக் விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்குங்க.

அப்ப சொல்லவே கூடாதான்னா, அப்படியும் இல்ல. 2016ல 138 ஆய்வுகள மொத்தமா சேத்துப் பாத்த ஒரு அலசல்ல, எவ்ளோ தூரம் வந்திருக்கோம்னு அப்பப்ப கவனிக்கிறவங்க இலக்க நல்லா எட்டுறாங்க, அதையும் எழுதி வச்சாலோ மத்தவங்களுக்கு வெளிப்படையா சொன்னாலோ பலன் இன்னும் கூடுதுன்னு வந்துச்சு. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா வழி தெளிவாத்தான் இருக்கு: சபதத்த அடக்கி வாசிங்க, கணக்க சத்தமா வாசிங்க.

ஜனவரில நீளமா எதுவும் வேணாம், "தினமும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி 15 பக்கம், மாசக் கடைசில வந்து சொல்றேன்"னு ஒரு வரி. எப்போ, எவ்ளோன்னு அதுலயே இருக்கு. அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவ உண்மையான கணக்கு: "இந்த மாசம் 210 பக்கம், நினைச்சது 450. ரெண்டாவது வாரம் முழுக்க புக்க தொடவே இல்ல. அடுத்த மாசம் சிறுகதை மட்டும்." அவ்ளோதான். பாக்குறவங்களுக்கும் இது தெம்பு, ஏன்னா அவங்களும் 210லதான் இருப்பாங்க.

பின்தங்கிட்டீங்கன்னா இலக்க வெளிப்படையா குறைச்சுக்குங்க. ஆகஸ்ட்ல "30 இல்ல, 18"னு சொல்றதுல ஒரு கேவலமும் இல்ல.

படி 9: எங்க வச்சுக்கறது

இது அவ்ளோ பெரிய விஷயம் இல்ல. லைப்ரரிதிங் 2005லேருந்து இருக்கு, சொந்த அலமாரியப் பட்டியல் போடறவங்களுக்கு நல்லது. குட்ரீட்ஸ் 2007ல வந்துச்சு, 2013ல அமேசான் வாங்கிடுச்சு, கூட்டம் அங்கதான் அதிகம். ஸ்டோரிகிராஃப் நாடியா ஓடுனாயோன்ற புரோகிராமர் ஆரம்பிச்சது, குட்ரீட்ஸ் பட்டியல எக்ஸ்போர்ட் பண்ணி அதுல ஏத்திக்கலாம். தமிழ் புக்குல பாதி இந்த எதுலயும் சரியா இருக்காது, இருந்தாலும் பேரு இங்கிலீஷ் எழுத்துல ஒரு தடவ தமிழ்ல ஒரு தடவன்னு ரெண்டா கெடக்கும். அதனால ஒரு சாதா எக்செல் ஷீட்டும் வச்சுக்குங்க: பேரு, எழுதினவரு, ஆரம்பிச்ச தேதி, முடிச்ச தேதி, பக்கம், யாரு சொல்லி எடுத்தேன், ஒரு வரி. "யாரு சொல்லி எடுத்தேன்"ன்றது முக்கியம், ரெண்டு வருஷத்துல யாரு ரசனை உங்களோட ஒத்துப் போகுதுன்னு அதுலயே தெரிஞ்சிடும், அப்புறம் அந்த ரெண்டு மூணு பேரு சொல்றத கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்.

படி 10: மத்தவங்க போடறதுக்கு பதில்

நீங்க மட்டும் போட்டுக்கிட்டே இருந்தா அது பேச்சே இல்ல. ஒருத்தரு புக் பத்தி எழுதினா ஹார்ட்ட விட ஒரு கேள்வி மேல். "அந்த கோர்ட்டு பகுதிய தாவினா கதை புரியுமா?", "முதல் புக்க படிக்காம இத எடுக்கலாமா?" இப்படிக் கேட்டா அவரு இன்னும் ரெண்டு பத்தி எழுதுவாரு, அதுலதான் உண்மையான விஷயம் இருக்கும்.

"இத இப்பதான் படிக்கிறீங்களா? நான் காலேஜ்லயே முடிச்சிட்டேனே"ன்ற பதிலுக்கு ஒரு தடை போட்டுடுங்க. பொழுதுபோக்கு நாவல் படிக்கிறவர தீவிர இலக்கியக்காரங்க ஓட்டறதுக்கும்தான். ஒரு தடவ ஓட்டினா போதும், அந்த ஆளு அப்புறம் வாயத் தொறக்க மாட்டாரு.

பரிந்துரை கேட்டு வந்தா பத்து புக் பட்டியல அவரு தலைல கொட்டாதீங்க. கடைசியா அவருக்குப் பிடிச்ச புக்கு எது, விட்டது எதுன்னு கேட்டுட்டு, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, கூடவே மாத்துக்கு இன்னொண்ணு. ஒரு மாசம் கழிச்சு "என்னாச்சு, பிடிச்சுதா?"னு கேளுங்க, பிடிக்கலன்னா ஏன்னு கேட்டு வச்சுக்குங்க.

அப்புறம் கண்டிப்பா ஒருத்தரு வந்து "பிடிஎஃப் இருக்கா?"னு கேப்பாரு. எழுதினவரு உசுரோட இருக்காரு, ராயல்டி வாங்கறவருனா இல்லன்னு நேராச் சொல்லிடுங்க, நூலகத்துல கிடைக்குமா, மின்நூலா விக்கிறாங்களா, இல்ல நாமளே இரவல் குடுக்கலாமான்னு பாத்துச் சொல்லுங்க. நாட்டுடைமை ஆன எழுத்துனா (அரசாங்கம் உரிமைய வாங்கிப் பொதுவாக்கினது) பிரச்சனையே இல்ல, மதுரைத் திட்டம்ன்ற தன்னார்வலர்களோட இணைய நூலகத்துல 1998லேருந்து பழைய தமிழ் நூல்கள இலவசமாவே போட்டுக்கிட்டு வர்றாங்க, அந்த லிங்க்க அனுப்பிடலாம். இரவல் குடுத்தா மட்டும் அந்த எக்செல் ஷீட்டுல "யாருகிட்ட இருக்கு"னு ஒரு கட்டம் சேத்துக்குங்க.